எதற்குத் தகுந்தவன்

என் தம்பி குருமடத்தை விட்டு வீடு திரும்பியது ஓர் ஆனி மாதத்தில். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அது காற்றின் மாதம். மலைகளின் இடைவெளி வழியாக மேற்கிலிருந்து வந்து இறங்கும் காற்று பகல் முழுதும் ஓயாது. கதவைத் திறந்து வைக்க முடியாது, கொடியில் துணி நிற்காது. உத்தமபாளையத்தில் பேருந்து மாறி, ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கி, வாய்க்கால் கரை வழியே இரண்டு பைகளோடு நடந்து வந்து அவன் கதவைத் தட்டியபோது, காற்றுதான் தட்டுகிறது என்று எண்ணி அம்மாவும் நானும் சிறிது நேரம் எழாமலே இருந்தோம். பிறகு அம்மா போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். மகனைப் பார்த்தாள், பைகளைப் பார்த்தாள்.

"வாங்க," என்றாள். "உக்காருங்க."

குருமடம் என்பது பாதிரியார் ஆவதற்குப் படிக்கும் இடம். பள்ளிப் படிப்பு முடிந்து அவன் அங்கே சேர்ந்த நாள்முதல் அம்மா அவனிடம் இப்படித்தான் பேசிவந்தாள். எங்கள் ஊரில் அது வழக்கம். மிஷன் சாமியார்கள் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்கள் நாங்கள். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஒரு பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்திருப்பார்கள். கொடுத்த பிள்ளைக்குப் பெற்றவளே மரியாதைப் பன்மை தருவாள். அவன் விடுமுறைக்கு வந்தால் தண்ணீர்க் குடத்தைத் தொட விடமாட்டார்கள், தோட்டத்தில் இறங்க விடமாட்டார்கள். பின்னாளில் குருப்பட்டத்தின்போது ஆயர் எண்ணெய் பூசப்போகும் கைகள் அவை; மண்ணும் சாணமும் அவற்றில் படக்கூடாது.

ஆனால் அன்று அவன் விடுமுறைக்கு வரவில்லை. இனித் திரும்பப் போவதில்லை என்பதை முந்தின வாரமே தொலைபேசியில் சொல்லியிருந்தான். சொல்லியும் அம்மாவின் பேச்சு மாறவில்லை. விருந்தினருக்கு வைத்திருக்கும் பீங்கான் தட்டில் சோறு போட்டாள். சாப்பிட்ட தட்டைக் கழுவ அவன் எடுத்தபோது பதறி வாங்கினாள்.

"வைங்க, வைங்க. நீங்க எந்திரிங்க."

"அம்மா, நாந்தான்."

"தெரியுது. கையக் கழுவிட்டு உக்காருங்க."

அவள் அடுப்படிக்குள் போனதும் நான் அவனருகே அமர்ந்தேன்.

"என்னடா சொன்னாக?"

"நோன் இதோனேயுஸ்னு சொன்னாகக்கா. அப்பறம் டீயும் பிஸ்கட்டும் குடுத்தாக."

"அப்படின்னா?"

"லத்தீன்ல, தோதுப்பட மாட்டேன்னு அர்த்தம்." சிரிக்க முயன்றான். "திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தாலாச்சும் கோவப்படலாம்."

அவனை அனுப்பியவர்கள் கொடியவர்கள் அல்லர். அவனும் அப்படிச் சொன்னதில்லை. படிப்பில் குறை இல்லை, ஜெபத்தில் குறை இல்லை, ஒழுக்கத்தில் குறை இல்லை. ஆனால் பயிற்சிக்காக ஓர் ஊரின் பங்குக் கோயிலில் ஓராண்டு இருந்தபோது, யார் எதைக் கேட்டாலும் அவனால் மறுக்க முடியவில்லை. திருவிழாத் தேர் எந்தத் தெருவில் முதலில் திரும்புவது என்று இரு தரப்பார் மோதிக்கொண்டபோது இரண்டு தரப்புக்கும் சரி என்று தலையசைத்துவிட்டான். அது கைகலப்பில் முடிந்தது. ஒரு பங்கை நடத்த வேண்டியவன் இவன் அல்லன் என்று பயிற்சியாளர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். "அவுக சொன்னது சரிதாங்க்கா," என்றான் அவன். அந்தத் தீர்ப்பை அவன் ஏற்றுக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்த வீட்டில் மகனாக இருப்பது. அப்பா இறந்தபின் குத்தகைக்கு விட்டிருந்த திராட்சைத் தோட்டத்தைத் திரும்ப எடுத்து, அம்மாவைப் பார்த்துக்கொண்டு, மற்ற ஆண்களைப்போல இருந்துவிடுவது. அதைத்தான் அம்மா கொடுக்கவில்லை.

ஊர் அந்தத் தீர்ப்பை வேறுவிதமாக மொழிபெயர்த்துக்கொண்டது. தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம் என்றது. அடுத்த வீட்டு மதினி, குழாயடியில் என் காதுபடவே, "நேந்துவிட்ட கெடா வேலியத் தாண்டித் திரும்பி வந்துருச்சு. இனி அத வெட்டவும் முடியாது, விக்கவும் முடியாது," என்றாள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒன்றும் கேளாதவள்போல நடந்தாள். அவமானத்தால்தான் அம்மா இப்படி இறுகிவிட்டாள் என்று அப்போது நான் எண்ணினேன். தம்பியும் அப்படித்தான் எண்ணினான். வேறு காரணம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

நான் தேனியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் இலக்கணம் கற்பிக்கிறேன். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் ஊருக்குப் போவேன். எங்கள் கல்லூரி நூலகத்தில் யாரோ அன்பளிப்பாகத் தந்த லத்தீன் அகராதி ஒன்று உண்டு. அதைத் திறந்து இதோனேயுஸ் என்ற அந்தச் சொல்லைத் தேடினேன். ஏற்ற, பொருத்தமான, வசதியான, வேலைக்கு ஆகக்கூடிய என்றெல்லாம் பொருள் தந்திருந்தது. படை தங்குவதற்கு ஏற்ற இடம்; கப்பல் புறப்படுவதற்கு ஏற்ற காற்று; வழக்கில் நம்பத்தக்க சாட்சி. இத்தனைக்கும் அதே ஒரு பெயரடை. அது எந்த வேரிலிருந்து பிறந்தது என்பது உறுதியாகத் தெரியவில்லை என்றும் ஒரு குறிப்பு இருந்தது. ஒருவனுடைய வாழ்க்கையை மாற்றிய சொல்லுக்கு ஊர், பேர் தெரியவில்லை என்பதைப் படித்துவிட்டு அகராதியை இரவல் எடுத்துவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் அவனிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். வீட்டில் அவனுக்கென்று ஒரு வேலையும் இல்லை. அவன் துடைப்பத்தை எடுத்தால் அம்மா பிடுங்கிக்கொள்வாள். விறகைத் தொட்டால் ஓடிவருவாள். ஆகவே முன்னறை மேசையில் வைத்து எனக்குப் பாடம் சொல்வதே அவனுக்கு வாய்த்த வேலை ஆயிற்று. நன்றாகச் சொல்லிக்கொடுத்தான். தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்கிறோம். 'நல்ல' என்பது எதன் முன் நின்றாலும் அப்படியே நிற்கும். லத்தீனில் அப்படி இல்லை. ஆணுக்கு இதோனேயுஸ், பெண்ணுக்கு இதோனேயா, இரண்டுமல்லாததற்கு இதோனேயும். பெயர் பன்மையானால் அதுவும் பன்மையாகும். பெயர் வேற்றுமை ஏற்றால் அதுவும் ஏற்கும். தன் பெயரை விட்டு வாக்கியத்தில் எங்கோ தள்ளி நின்றாலும், ஈற்றைப் பார்த்து அது எந்தப் பெயருக்கு உரியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

"இது தனியா நிக்காதுக்கா," என்றான் ஒரு நாள். "எதுக்குன்னு கூட ஒண்ணு வரணும். இல்லாட்டி கேக்குறவன் முழிப்பான்."

"நம்ம நான்காம் வேற்றுமை."

"அதேதான். அங்க அத மூணாவதுன்னு எண்ணுவாக, அம்புட்டுதான் வித்தியாசம். இல்லாட்டி 'அத்'னு ஒரு சின்னச் சொல்லு போட்டு நம்ம இரண்டாம் வேற்றுமையில சொல்லலாம்."

வேறொரு வழியும் இருக்கிறது என்று காட்டினான். இதோனேயுஸ் குயி மித்தாத்துர்: அனுப்பப்படுவதற்குத் தகுந்தவன். அதில் வரும் வினை நடந்ததைச் சொல்வதன்று. நடக்கலாம் என்று மனத்தில் வைத்துப் பார்க்கும் வினை. அந்த மொழியில் அதற்கென்றே தனி வடிவம் உண்டு. ஒருவனைத் தகுந்தவன் என்று சொல்லும்போதே இன்னும் நடக்காத ஒன்றை அவன் மேல் ஏற்றிவைக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அதை அவனிடம் சொல்லவில்லை.

ஒப்பிட்டுச் சொல்வது எப்படி என்று கேட்டேன். பெரும்பாலான பெயரடைகள் ஈறு மாறி 'அதைவிட மேலான' என்ற பொருளைத் தரும். இந்தச் சொல்லுக்கு அது இயலாது. ஈற்றுக்கு முன்னே உயிரெழுத்து நிற்பதால் வாய் இடறும். ஆகவே 'மாஜிஸ்' என்று இன்னொரு சொல்லை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழும் ஏறத்தாழ அப்படித்தானே என்றேன். 'விட' என்று பக்கத்தில் ஒன்றை நிறுத்தாமல் நாமும் யாரையும் யாரோடும் ஒப்பிடுவதில்லை.

தகுதி என்று ஊர் சொல்கிறதே, அதற்கும் இதே சொல்தானா என்று கேட்டபோது மட்டும் தலையை உறுதியாக ஆட்டி மறுத்தான். அது வேறு சொல், திக்னுஸ். பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு முன் நாங்கள் எல்லோரும், ஆயர் உட்பட, எங்களைத் தகுதியற்றவர்கள் என்று சொல்லிக்கொள்வது அந்தச் சொல்லால்தான். "அதுல ஊரே ஃபெயிலு," என்றான். "நான் ஃபெயிலானது இதுல." அப்போது அம்மா காப்பி கொண்டுவந்தாள். எனக்கு டம்ளரில், அவனுக்குக் கோப்பையும் சாசரும். அவன் அந்தச் சாசரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பாடம் அன்று அதற்கு மேல் நகரவில்லை.

எங்கள் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர், திராட்சை வியாபாரி. அப்பாவோடு பழகியவர். தம்பி திரும்பி வந்ததை ஒரு செய்தியாகவே கொள்ளாதவர் அவர் ஒருவர்தான். ஒரு சனிக்கிழமை காலை கவாத்து நடந்துகொண்டிருந்தது. பந்தலில் பழைய கொடியை வெட்டிக் கழிக்கும் வேலை. அம்மா கடைவீதிக்குப் போயிருந்த நேரத்தில் தம்பி என்னையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான்.

"பைபிள் தூக்குற கையி கத்தரி தூக்குமா மருமகனே?" என்று ராவுத்தர் பந்தலுக்கு அடியிலிருந்து கேட்டார்.

"தூக்கிப் பாப்பமே மாமா."

"மொட்டு விட்டு வெட்டணும், பாத்துக்கிருங்க. மொட்டையே வெட்டிப்புட்டா அப்பறம் நாந்தான் சாமியாராப் போகணும்."

கூலியாட்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கி, கண்ணில் தூசி விழ விழ, கணுவைத் தேடி எண்ணி வெட்டினான். முதலில் மெதுவாக, பிறகு மற்றவர்களுக்குச் சற்றே பின்னால். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ராவுத்தர் அருகே வந்து, அவன் வெட்டிய கொடியை நிமிர்த்திப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போனார்.

"ஒண்ணும் சொல்லாமப் போறாரே," என்றேன்.

"சொல்லலைன்னா சரியா வெட்டிருக்கேன்னு அர்த்தம்கா," என்றான் அவன், மேலே பார்த்தபடியே.

அம்மா வருவதை நான்தான் முதலில் கண்டேன். கடைவீதியில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். பையைத் தூக்கியபடியே வரப்பில் வேகமாக வந்தாள். நான் "அம்மா" என்று சொன்னதும் தம்பி திரும்பினான்; திரும்பியபோது கத்தரி இடக்கைக் கட்டைவிரலின் ஓரத்தைக் கடித்துவிட்டது. பெரிய காயம் அல்ல. தோட்ட வேலையில் எல்லோருக்கும் படுவதுதான். ஆனால் இரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது.

அம்மா கத்தவில்லை. பை கையிலிருந்து நழுவியது தெரியாமல் நின்றாள்.

"ஆரம்பிச்சிருச்சு," என்றாள்.

ராவுத்தர் வேட்டி ஓரத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஆத்தா, இது சும்மா தோல்ல பட்டது. ஒரு செத்தயில நின்னுரும்." அவள் அவரைப் பார்க்கவே இல்லை. திரும்பி, வந்த வரப்பிலேயே, கோயில் இருக்கும் பக்கமாக நடந்தாள்.

நான் பின்னால் போனேன். பகல் வேளைக் கோயிலில் யாரும் இல்லை. பீடத்துக்கு எதிரே, தடுப்புக் கிராதிக்கு வெளியே உள்ள கல்தரையில் முழங்காலிட்டிருந்தாள். நானும் அருகே அமர்ந்தேன். சிறு காயம்தான், ஊசிகூடத் தேவையில்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பதாகத் தெரியவில்லை. பிறகு பீடத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"கைப்பிள்ளையில நெஞ்சு கட்டி, ஒதடு நீலம் பூத்து, மதுரையில டாக்டரு தூக்கிட்டுப் போயிருங்கன்னு சொல்லிட்டாக. நான் இந்தக் கல்லுல முட்டி போட்டுத்தான் கேட்டேன். பொழைக்க வச்சா ஒனக்கேன்னு சொன்னேன். பொழச்சாக."

"அது எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும் ஒனக்கு? ஒனக்கேன்னு சொன்னத நம்பித்தான ஆண்டவரு விட்டுட்டுப் போனாரு. இப்ப நான் மகனே வாடான்னு உள்ள எடுத்துக்கிட்டா, குடுத்தத திருப்பிக் கேட்டதா ஆயிரும். அவரு சும்மா இருப்பாரா?"

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அதுக்காகத்தான் வாங்க போங்கன்னு…"

"எம்பிள்ளை இல்லைன்னு காட்டிக்கிட்டே இருக்கணும்ல, புள்ள. விருந்தாளியாட்டம் வச்சிருந்தா, சரி, இன்னும் என் ஆளுதான்னு விட்டுருவாரு. வாய் தவறி ஒரு தடவ டேய்னு கூப்ட்ருவனோன்னு அம்புட்டுப் பயமாக் கெடக்கு எனக்கு. தட்டுல சோத்தப் போடும்போதெல்லாம் நாக்கு நுனியில வந்து நிக்கிது."

அவமானம் என்று நாங்கள் எண்ணிய ஒவ்வொன்றும், பீங்கான் தட்டும் சாசரும் பிடுங்கிய துடைப்பமும், அவனை உயிரோடு வைத்திருக்க அவள் ஓயாமல் செய்துவந்த வேலை. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் நம்பினாள். அவர் பார்வையில் அவன் தன் வீட்டுப் பிள்ளையாகத் தெரிந்துவிடக்கூடாது. அன்பு இவ்வளவு சிரமப்பட்டுத் தன்னை மறைத்துக்கொள்வதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

தம்பியிடம் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. மாலையில் வாய்க்கால் கரையில் வைத்துச் சொன்னேன். கட்டுப் போட்ட விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டான். மகிழ்வான் என்று எதிர்பார்த்தேன்போலும். தாய் தன்னை வெறுக்கவில்லை என்று அறிந்தவனின் முகம் அல்ல அது.

"அவமானம்னா பழகிப்போயிரும்கா," என்றான் கடைசியில். "கொஞ்ச நாள்ல ஊரு மறந்துரும், அம்மாவும் மறந்துரும்னு இருந்தேன். இது அப்படி இல்லையே. நான் வீட்டுல இருக்க இருக்க அம்மா பயந்துக்கிட்டேல்ல இருக்கும்."

நான் எளிதில் விட்டுவிடவில்லை. நேர்ச்சையை மாற்றிக்கொடுக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு என்று தம்பியே ஒரு முறை சொல்லியிருந்தான். அடுத்த ஞாயிறு பங்குத்தந்தையைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். இளைஞர், பொறுமையானவர். அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். ஒருவர் தம்மை நேர்ந்துகொள்ளலாமே தவிர, இன்னோர் உயிரை நேர முடியாது என்று அம்மாவுக்கு விளக்கினார். அவள் செய்த நேர்ச்சையைத் தினமும் ஒரு ஜெபமாக மாற்றித் தருவதாகச் சொல்லி, அவள் தலைமேல் கைவைத்து மன்றாடினார். கடவுள் கடன் வசூலிக்க வருகிறவர் அல்லர் என்றார். அம்மா கைகூப்பிக் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் "சரிங்க சாமி" என்றாள், காப்பி கொடுத்தாள், தெருமுனை வரை போய் வழியனுப்பினாள். நான் நம்பிவிட்டேன்.

திரும்பி வந்தவள் காப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நல்ல சாமி. சின்ன வயசு. அவுக ஆறுதலுக்குச் சொல்றாக. நான் கேட்டப்ப அவுகளா இருந்தாக அங்கன? நாந்தான இருந்தேன்." பிறகு முன்னறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "நீங்க சாப்புட வாறீகளா?"

முன்னறையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அந்த இரவுச் சாப்பாட்டின்போதே அவன் முடிவெடுத்துவிட்டான் என்று நினைக்கிறேன். சில வாரங்களில் ஓர் இடம் பார்த்துக்கொண்டான். கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளத்துக்குள் ஏலத் தோட்டங்களைக் கடந்து போனால், கைவிடப்பட்ட மனநோயாளிகளுக்காகக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம் ஒன்று. அவர்களைக் குளிப்பாட்ட, ஊட்ட, உடை மாற்ற ஆள் வேண்டியிருந்தது. யாருக்கும் எதையும் மறுக்கத் தெரியாதவன் அங்கே பயன்படுவான் என்று அவனே சொன்னான். அம்மாவிடம் சொன்னபோது நான் உடன் இருந்தேன்.

"கோயில் வேலையா?" என்று கேட்டாள்.

"கோயிலுக்குப் பக்கத்துலதாம்மா. சிஸ்டருக நடத்துறாக."

"அங்கி உண்டா?"

"இல்லம்மா."

சிறிது யோசித்தாள். "அங்கி இல்லாட்டி என்ன? அவரு வேலதான." அவன் வந்தபிறகு முதல் முறையாக அவள் தோள்கள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். உடனே எழுந்து, மலையில் குளிரும் என்று கம்பளியைத் தேடத் தொடங்கினாள். அவன் போவதில் அவளுக்கு இருந்த மகிழ்ச்சியை அவனும் பார்த்தான். பார்த்துவிட்டு, கம்பளியை மடிக்க ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தான். அன்று அவள் தடுக்கவில்லை.

விடிந்ததும் விலக்கில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் நிற்கும். அதில்தான் போனான். அவனைக் காட்டிலும் அம்மாதான் பைகளைப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். ஆனால் வழியனுப்ப வாசலைத் தாண்டவில்லை. நான் மட்டும் கூடப் போனேன். ஜீப்பில் ஏற்கெனவே பெண்கள் நெருங்கி அமர்ந்திருந்தார்கள்.

"ஏலே, அந்தப் பையைத் தூக்கி மடியில வச்சுக்க. இது என்ன ஏரோப்ளேனா?" என்றாள் ஓர் அம்மாள்.

"காய் எடுக்கத் தெரியுமா தம்பி?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"தெரியாதுக்கா. குளிப்பாட்டத் தெரியும்."

"யார?"

"யாரு வந்தாலும்."

"அய்ய, அப்ப என் வீட்டுக்காரனக் கூட்டிட்டு வாறேன், ஒரு நா ஊறப் போட்டுத் தேச்சு விடு," என்றாள் அவள். ஜீப் முழுதும் சிரித்தது. அவனும் சிரித்தபடியே நெருக்கிக்கொண்டு அமர்ந்தான். வண்டி நகர்ந்தபோது என் பக்கம் திரும்பிக் கையசைக்க அவனுக்கு இடம் இல்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அம்மா உடம்பு தேறினாள். தூக்கம் வந்தது. குழாயடியில் மதினியிடம், "மேல கோயில் சோலியா இருக்காக," என்று தானாகச் சொல்லத் தொடங்கினாள். நான் அந்த அகராதியை நூலகத்தில் திரும்ப வைத்துவிட்டேன். வகுப்பில் பெயரடை நடத்தும்போது சில சமயம் அவன் சொன்னது நினைவுக்கு வரும்; தகுந்தவன், தகாதவன் என்று யாரைப் பற்றியாவது மாணவியர் பேசிக்கொள்வது காதில் விழுந்தால், எதற்கு என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு மகனாக இருப்பதற்கு அவனைவிடத் தகுந்தவன் யாரும் இல்லை. அந்த இடம்தான் அவனுக்கு இல்லை.

அவன் வருடத்துக்கு இரண்டு முறை வருவான். பீங்கான் தட்டில் உண்பான். இரண்டாம் நாள் மாலையில் அம்மா முகத்தில் ஒரு தவிப்புத் தொடங்குவதைக் கண்டதும், வேலை இருக்கிறது என்று பையை எடுத்துக்கொள்வான்.

சென்ற மழைக்காலத்தில் அங்கிருந்து ஒரு சிஸ்டர் என்னை அழைத்தார். அவனுக்கு எலிக்காய்ச்சல், சேற்றில் வெறுங்காலோடு நின்று யாரையோ இழுத்துவந்திருக்கிறான், காலில் புண் இருந்திருக்கிறது. அம்மாவிடம் கல்லூரியில் தேர்வு வேலை என்று சொல்லிவிட்டு மலையேறினேன். மருத்துவமனையில் அவன் கண்கள் மஞ்சளாக இருந்தன. பாதி ஆளாக இருந்தான். சிறுநீரகம் தப்பிவிட்டது என்று டாக்டர் மலையாளத்தில் சொன்னதை, அருகிலிருந்த சிஸ்டர் எனக்குத் தமிழில் சொன்னார். பேச முடிந்தபோது அவன் முதலில் சொன்னது:

"அம்மாட்ட சொல்லிராதக்கா."

"எப்பிடிடா சொல்லாம இருக்கிறது?"

"சொன்னா இன்னும் தூரமாப் போகச் சொல்லும்." கண்ணை மூடிக்கொண்டான். "இதுக்கு மேல தூரம்னா பஸ்ஸு நேரா வராது ஒனக்கு."

அவன் எழுந்து நடக்கும்வரை இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை ஊருக்கு இறங்கினேன். அம்மா ரசம் வைத்திருந்தாள். சாப்பிடுவதற்கு முன் அவனுக்குப் போன் போடச் சொன்னாள். ஒலிபெருக்கியில் வைத்தேன். சாப்பிட்டீர்களா, கம்பளி போதுமா என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றான். அவள் போனைச் சற்றே காதருகே கொண்டுபோனாள்.

"குரல் உள்ள போன மாதிரி இருக்கே?"

"மழைம்மா. இங்கன எல்லாருக்கும் இப்படித்தான்."

"ஆமா, மழ. பத்திரமா இருங்க."

போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நீ அடிக்கடி பேசுகிறாயே, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான் என்று சிஸ்டர் சொன்னதாகவும் சேர்த்துக்கொண்டேன். அவள் பீடத்தின் முன் செய்வதுபோல நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொண்டாள்.

"பாத்தியா," என்றாள். "அவரு விட்டுட்டாரு."

பிறகு தட்டை இழுத்து, வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு அதிகமாகப் போட்டுக்கொண்டு, சாப்பிடத் தொடங்கினாள்.